உப்பைக் காதில் வாங்காத கருவி

பொத்தேரிப் பக்கம் மெட்டல் டிடெக்டர் என்றால் பெரும்பாலும் பரீட்சைக்கூட வாசல்தான் நினைவுக்கு வரும். நீட் எழுத வரும் பிள்ளைகளின் கை, முதுகு, கால் என்று தடவிக்கொண்டே போகும் கறுப்பு மட்டை அது. உடையில் துளி உலோகம் இருந்தாலும் கீச்சென்று கத்தும். அதே மட்டையோடு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே போய், உப்பளங்களைக் கடந்து, கோவளத்தில் அலை ஏறி இறங்கும் ஈரமணலுக்கு மேல் நீட்டினால், கீழே குண்டூசிகூட இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கத்தத் தொடங்கிவிடும். கருவியில் கோளாறு இல்லை. மின்சாரம் கடத்தும் பொருள் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. உப்புநீரும் மின்சாரம் கடத்துகிறது.

கடலில் நகை தொலைத்த குடும்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் பவுன் கணக்கு இல்லை. காணும் பொங்கலன்று அலையில் நின்ற அம்மாவின் தாலிக்கொடி, குழந்தையின் கொலுசு, கல்யாணமாகி மாதம் ஆகாத மோதிரம் என்று போனவை எல்லாம் மணலுக்குள்தான் எங்கோ கிடக்கின்றன. தேடிக் கொடுக்க ஒரு கருவி வாங்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு ஆழம் பார்க்கும்?” என்பதாகவே இருக்கிறது. உப்புக் கடற்கரைக்கு அது பொருத்தமில்லாத கேள்வி. “எதையெல்லாம் பார்க்காமல் விடும்?” என்று கேட்க வேண்டும். நம் கரைக்கு அந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

டிடெக்டரின் தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஒரு மோதிரத்தைத் தொட்டால், 1831-இல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிப்படி, மோதிரத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து எடுத்துப்போனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் குறுக்கே பேசின. மருத்துவரோ உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார், குண்டு இருந்தது மறுபக்கம். தேடும் பொருளைச் சுற்றி இருப்பது கருவியைக் கெடுக்கும் என்ற பாடம் அந்த முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது.

ஆழத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தட்டிலிருந்து போகும் புலம் தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. மோதிரத்திலிருந்து திரும்பும் புலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. அதாவது, தட்டின் அளவோடு ஒப்பிடக் கொஞ்சம் ஆழமாகப் போனபின், ஆழம் இரு மடங்கானால் கிடைக்கும் சைகை 64-இல் ஒரு பங்காகிவிடும். மோதிரமோ காசோ ஒரு சாண் ஆழத்தைத் தாண்டினால் நல்ல கருவிகளும் திணறுவது இதனால்தான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த ஆறாம் அடுக்கை யாரும் வளைக்க முடியாது. ஆகவே, நூறு மீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தை ஆன்டெனா திரும்பிக் காட்டும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படியொரு வெற்றுப் பெட்டியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அவர் விற்ற பெட்டியின் மூலம், கோல்ஃப் பந்து தேட என்று விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமான்.

இனி உப்புக்கு வருவோம். சுத்தத் தங்கம் கடல்நீரைவிட எழுபது லட்சம் மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். அப்படியிருக்க, உப்புநீர் எப்படித் தங்கத்துக்குப் போட்டியாகிறது? அளவினால்தான். மோதிரம் இரண்டு கிராம். தட்டுக்குக் கீழே ஈரமணல் குடம் குடமாக இருக்கிறது. காந்தப்புலத்தைக் கடல்நீர் தடுத்துவிடுவதில்லை. 10 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் அது கடல்நீருக்குள் இரண்டு மீட்டருக்கு மேல் போய்த்தான் மூன்றில் ஒரு பங்காகத் தேயும். பார்வை மறைவதில்லை, இரைச்சல்தான் கூடுகிறது. நடக்கும்போது தட்டை நான்கு விரற்கடை தூக்கினால் உப்பின் சைகை குறைகிறது, இறக்கினால் கூடுகிறது; ஓர் அலை வந்து தட்டை மூடினால் திடீரென்று ஏறுகிறது. ஏறி இறங்கும் எதையும் கருவி பொருள் என்றே எடுத்துக்கொள்ளும்.

நம் கடல் வெதுவெதுப்பானது என்பது இதில் ஒரு கூடுதல் சிக்கல். உப்புநீரின் கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ இரண்டு சதவீதம் ஏறும். 12 டிகிரியில் இருக்கும் பிரிட்டன் கடல்நீர் மீட்டருக்குச் சுமார் 4 சீமன்ஸ் கடத்தினால், 29 டிகிரியில் இருக்கும் நம் வங்கக்கடல் நீர் ஏறத்தாழ 5.5 கடத்தும். அங்கே சோதித்துப் பார்த்து “உப்பு மணலில் அமைதியாக இருக்கிறது” என்று எழுதப்பட்ட பாராட்டை அப்படியே நம்பி இங்கே வாங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் வங்கக்கடலின் வடக்கிலிருந்து ஆற்று நன்னீர் கலந்த நீரோட்டம் நம் கரையோரம் தெற்கே இறங்குவதால் உப்பு சற்றுக் குறையும்.

உப்போடு போனால் பரவாயில்லை, கரியமணலும் இருக்கிறது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே அலை வடிந்த இடத்தில் கறுப்பும் ஊதாவுமாகக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊதா நிறம் கார்னெட். கறுப்பு, இல்மனைட்டும் மேக்னடைட்டும். இவை எங்கிருந்தோ வந்தவை அல்ல. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் சார்னோக்கைட் பாறை, தாம்பரம் பகுதிக்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டு போகிற பாறை, இரும்புக் கனிமம் கலந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் அதே வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். இந்த வகைப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து, பாலாறு போன்ற ஆறுகள் சுமந்து வந்து கடலில் கொட்டியதைத்தான் அலை அரித்தெடுத்துக் கரையில் வரிசையாக வைக்கிறது.

மேக்னடைட் மின்சாரத்தால் அல்ல, காந்தத்தன்மையால் கருவியைத் தொந்தரவு செய்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிவரும் அலைக்கும் இடையிலுள்ள கால வித்தியாசத்தை வைத்துத்தான் டிடெக்டர் பொருளை இனம் காண்கிறது. இந்த வித்தியாசத்தைக் கோணமாக அளப்பார்கள். காந்தமணலின் பதில் ஒரு கோணத்தில் வரும், உப்பின் பதில் வேறொரு கோணத்தில் வரும். ஒரே அலைவெண்ணில் இயங்கும் கருவியில் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ திருகி ஒரு கோணத்தைச் சமன்செய்யலாம். தாம்பரத்து ஏரிக்கரையில் அது போதும். கடற்கரையின் உலர்ந்த வெண்மணலிலும் போதும். ஈரக் கரியமணலில் உப்பைச் சமன்செய்தால் காந்தமணல் கத்துகிறது, காந்தமணலைச் சமன்செய்தால் உப்பு கத்துகிறது. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று; பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலே தீர்க்க முடியாது என்று சொல்லிவிடும். ‘பீச் மோடு’ என்று பொத்தான் வைத்த மலிவான ஒற்றை அலைவெண் கருவிகள் உண்மையில் செய்வது, உணர்திறனைக் குறைத்துக்கொள்வதும் உப்பின் கோணத்தைக் காதில் வாங்காமல் இருப்பதும்தான். அந்தக் கோணத்துக்கு அருகில் மெல்லிய தங்கமும் இருக்கிறது. உப்போடு அதுவும் போய்விடும்.

இரண்டாவது சமன்பாட்டை எங்கிருந்து பெறுவது? இரண்டாவது அலைவெண்ணிலிருந்து. அலைவெண் ஏற ஏற உப்பின் பதில் ஏறும். காந்தமணலின் பதில் அவ்வளவாக மாறாது. உலோகத்தின் பதில் அதன் அளவுக்கும் தடிமனுக்கும் ஏற்றபடி வேறு மாதிரி மாறும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவெண்களை அனுப்பி, பதில்களைத் தக்க விகிதத்தில் கழித்தால், உப்பும் காந்தமணலும் ஒன்றாக நீங்கி உலோகம் மிஞ்சும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிஷர் நிறுவனம் 5, 15 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து இயங்கும் கருவிகளையும், ஆஸ்திரேலியாவின் மைன்லேப் பல அலைவெண் கொண்ட சாவரின் வரிசையையும் கொண்டுவந்தன. 2018-இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் இதைச் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு இறக்கியது. 2022-இல் துருக்கியின் நோக்டா நிறுவனம் லெஜெண்டைக் கொண்டுவந்து போட்டியைக் கூட்டியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தேர்ந்தெடுக்கக்கூடிய பல அலைவெண்’ என்பது வேறு, ‘ஒரே சமயத்தில் பல அலைவெண்’ என்பது வேறு. முதல் வகை ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இயங்கும். ஈரக் கரியமணலில் அது பழைய ஒற்றை அலைவெண் கருவிதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தை நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

வேறொரு குடும்பமும் உண்டு, பல்ஸ் இண்டக்‌ஷன். கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்க முயலாமல், மேளம் ஓயும்வரை காத்திருந்து கேட்பது போன்ற முறை. ஒரு கூர்மையான மின்துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, 10 அல்லது 15 மைக்ரோ விநாடி கழித்துக் காது கொடுக்கும். உப்புநீரில் பிறந்த மின்னோட்டம் அதற்குள் அடங்கியிருக்கும், காந்தமணலின் தொந்தரவும் பெரிதும் குறைந்திருக்கும். மோதிரத்தில் சுழல்வது இன்னும் சிறிது நேரம் நீடிக்கும். மார்பளவுத் தண்ணீரில் நின்று தேட இதுபோல் அமைதியான கருவி வேறில்லை. காரெட் சீ ஹண்டர் போன்றவை சுமார் 60 மீட்டர் ஆழம்வரை நீர் புகாதவை. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்ல இவற்றுக்குத் தெரியாது. கோவளம் மீன்பிடி ஊர். மணலுக்குள் ஆணி, தூண்டில் முள், கம்பித் துண்டு, பாட்டில் மூடி எல்லாம் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தோண்ட வேண்டும். கூட்டம் குளிக்கும் இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் தொலைந்த மோதிரத்தைத் தேட என்றால் பல்ஸ் வகையைச் சொல்வேன். மற்றபடி நம் கரைக்கு ஒரே சமயத்தில் பல அலைவெண் அனுப்பும் கருவிதான்.

நம் ஊர்க்காரர்கள் மிகுதியாகத் தொலைக்கும் பொருள் எது என்று பாருங்கள். மோதிரம் மட்டுமில்லை, மெல்லிய செயின். கருவிக்குப் பிடிபட மிகக் கடினமான பொருளும் அதுதான். சுழல் மின்னோட்டம் நன்றாக ஓட ஒரு முழு வளையம் வேண்டும். மோதிரம் அப்படியே ஒரு வளையம். செயினில் கண்ணிக்குக் கண்ணி தொடுகை மோசமாக இருப்பதால், மின்னோட்டம் ஒவ்வொரு சிறு கண்ணிக்குள்ளும் சிறைப்பட்டுவிடுகிறது. கருவியைப் பொறுத்தவரை மூன்று பவுன் செயின் என்பது மூன்று பவுன் தங்கமல்ல, நூற்றுக்கணக்கான கடுகுகள். அந்தக் கடுகின் சைகை மிக விரைவில் அடங்குவதால் உப்பின் சைகையோடு கலந்துவிடும். ஈரமணலில் ஐந்து விரற்கடை ஆழத்தில் மோதிரத்தைப் புதைத்து மேலே தட்டை ஆட்டிப் பார்த்தால், திரையில் பொருளை இனம் காட்டும் எண் அசையாமல் நிற்கும், ஒலி உருண்டையாக வரும். அங்கேயே மெல்லிய செயினை வைத்தால் எண் அளவுகோலின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். தட்டின் நடு கொக்கிக்கு நேராக வரும் கணத்தில் மட்டும் ஒரு சின்ன ‘டிக்’. தாலிக்கொடி என்றால் அதில் கோத்த பொட்டும் குண்டும் காசும்தான் காப்பாற்றும், கொடி அல்ல. தேடுகிறவர் அந்தச் சின்ன ‘டிக்’கை மதிக்கப் பழக வேண்டும். வாங்கும் முன் சொந்த நகைகளை நூலில் கட்டி ஈரமணலில் இப்படிச் சோதித்துப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

வெளிநாட்டுக் கையேடுகளின் எண் பட்டியல்களும் இங்கே அப்படியே பொருந்தாது. அவை 10, 14, 18 காரட் நகைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம்முடையது 22 காரட். கலப்பு குறையக் குறையத் தங்கத்தின் கடத்துதிறன் வெகுவாக ஏறும். எனவே ஒரே அளவுள்ள மோதிரம் இங்கே அவர்கள் பட்டியலைவிட உயர்ந்த எண் காட்டும். காசிலும் இதே கதை. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை ஒதுக்கச் சொன்னால் கருவி அவற்றையும் சேர்த்து ஒதுக்கலாம். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு தங்க மோதிரத்தின் எண்ணிலேயே பேசும். அலுமினிய மூடியும் சிகரெட் பெட்டித் தாளும் அப்படித்தான். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை மறைத்து வைப்பவர்கள் தங்கத்தையும் சேர்த்து மறைக்கிறார்கள். ஈயமும் தாளும் தோண்டி எடுத்துப் பையில் போட மனமில்லாதவர் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

எங்கே தேடுவது என்பதும் கருவித் தேர்வைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் பல இடங்களில் கடல் இறங்கும்போது ஏக்கர் கணக்கில் ஈரமணல் வெளிப்படும். ஓத வித்தியாசம் ஐந்து மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. சென்னைக் கரையில் பௌர்ணமி, அமாவாசையிலும் அது ஒரு மீட்டர் சுற்றித்தான். நமக்கு வெளிப்படுவது ஒடுங்கிய ஒரு பட்டை. தொலைந்தது பெரும்பாலும் அலை மடியும் இடத்திலேயே, முழங்கால் தண்ணீரில் கிடக்கும். ஆகவே தட்டு மட்டும் நனையலாம் என்ற கருவி இங்கே உதவாது. திரைப்பெட்டியும் நீர் புகாததாக இருக்க வேண்டும். மைன்லேப் வான்குவிஷ் வரிசையின் தொடக்கக் கருவிகள் பல அலைவெண் கொண்டவைதான், விலையும் குறைவு; ஆனால் தட்டுக்கு மட்டுமே நீர்க்காப்பு. ஈக்வினாக்ஸும் லெஜெண்டும் முழுவதுமாகக் குறைந்தது மூன்று மீட்டர் ஆழம் தாங்கும். தட்டு 10, 11 அங்குலம் போதும். பெரிய தட்டு அதிக உப்பைப் பார்க்கும், அலை அதை இழுத்துக் கையை ஒடிக்கும். ஓட்டை போட்ட எஃகு அள்ளுகரண்டி ஒன்று கட்டாயம் வேண்டும். இழுவை மிகுந்த கடல் இது. காதில் ஒலிப்பானோடு கடலுக்கு முதுகு காட்டி, தனியாக ஒருவர் இடுப்பளவில் இறங்கவே கூடாது.

அலை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, மேக்னடைட் 5.2, தங்கம் 19.3. அலை கலக்கக் கலக்கக் கனமானது கீழிறங்கி, கெட்டியான அடுக்கில் போய் உட்காரும். கரியமணல் கூடும் இடத்திலேயே தங்கமும் கூடுகிறது. கருவி மிகவும் தடுமாறும் இடமும் அதுவே. புயல் மேல்மணலை வாரிக்கொண்டு போகும்போது அந்த அடுக்கு வெளிப்படும். 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பிறகு ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் மீனவர்கள் தங்கத் துணுக்குகளைப் பொறுக்கியது செய்தியானது. கடல் ஆண்டாண்டாக வீடுகளை விழுங்கிவந்த கரை அது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். இன்னாருடையது என்று கண்டுபிடிக்க வழியுள்ள நகையைத் தன்னுடையதாக்கிக்கொள்வதும் குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. மாமல்லபுரம் பக்கம் கருவியை எடுத்துப்போகவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். 2004 சுனாமி மணலை அரித்துக் காட்டிய தடயங்களைத் தொடர்ந்து, மறு ஆண்டு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை முருகன் கோயில் ஒன்றைத் தோண்டி வெளிக்கொணர்ந்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அந்த வரலாறு படிக்கக் கிடைத்தது. கரூர் அமராவதி ஆற்றுமணலை அரித்தவர்கள் கையில் அகப்பட்ட சங்ககாலக் காசுகள் நமக்குப் பெரும் செல்வம்தான். ஆனால் அவை கிடந்த இடமும் அடுக்கும் என்றைக்குமாகப் போய்விட்டன. அந்த இழப்பு என்னை இன்றும் உறுத்துகிறது.

காலத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் பருவமழைக் கடல் கரையை வெட்டிக் கனத்த அடுக்கை வெளிக்காட்டும். உப்பும் அப்போது குறைவு. கடல் சற்று அடங்கும் நாட்களில் தேடுபவருக்கு அது நல்ல பருவம். ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். ஏப்ரல்வரை, அலை எட்டாத மேல்மணலில், ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் நூறு நூறாக முட்டைகள் புதைந்திருக்கும். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அந்த மாதங்களில் தேடல் பகலில், அலை நனைக்கும் பட்டையோடு நிற்க வேண்டும்; மேல்மணலில் அள்ளுகரண்டியை வைக்கவே கூடாது. மற்ற மாதங்களில் தோண்டிய குழியை அங்கேயே மூடிவிட்டு, வீடு திரும்பியதும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.